தடை தாண்டியவர் கட்டிய சங்கம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



நான் முப்பது வருஷம் பெண் பிள்ளைகளுக்கு ஓடவும் குதிக்கவும் சொல்லிக்கொடுத்தவள். சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, உங்களிடம்தான் நான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். ஆனால் உங்கள் செயலாளர் அம்மா என்னை அழைக்க வந்தபோது ஒரு கேள்வி கேட்டாங்க. “நல்லா தைக்கிறவங்க, நல்லா வியாபாரம் பண்றவங்க கொஞ்சம் மேலே வந்ததும், எனக்கு எதுக்குக் குழுன்னு கேக்கறாங்க மேடம். அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?” அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த வழியில், ஓட்டப்பந்தயம் வழியாக ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

தடை தாண்டும் ஓட்டம் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது பி.டி. உஷாதான். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில், ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் அவருக்கு வெண்கலப் பதக்கம் போய்விட்டது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. அதே மைதானத்தில், அதற்கு 52 வருஷம் முன்னால், 1932-ல் ஒரு பெண் தடை தாண்டி ஓடித் தங்கம் வாங்கினார். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துக்காரர். பேர் மில்ட்ரட் டிட்ரிக்சன். எல்லாரும் கூப்பிட்டது பேப் என்று. அவருடைய கதைதான் இன்றைக்கு.

பேப் 1911-ல் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் நார்வே நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா தச்சு வேலை செய்தார். அம்மா ஊரார் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை இவர். பியூமாண்ட் என்ற ஊரில் வளர்ந்தார். அந்த வீட்டில் உடற்பயிற்சிக் கருவி எது தெரியுமா? ஒரு துடைப்பக் கட்டை, அதன் இரண்டு முனையிலும் அம்மாவின் இஸ்திரிப் பெட்டி. அதைத்தான் பிள்ளைகள் தூக்கி இறக்கிப் பழகினார்கள்.

தடை தாண்டப் பழகியதும் அப்படித்தான். தெருவில் வீட்டுக்கு வீடு செடி வேலி உண்டு. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு வேலியாகத் தாண்டிக்கொண்டே ஓடுவார். ஒரு வீட்டு வேலி மட்டும் மற்றதைவிட உயரம். அந்த வீட்டுக்காரரிடம் போய், “கொஞ்சம் வெட்டி மட்டம் பண்ணித் தரீங்களா?” என்று கேட்டார். அவரும் வெட்டிக் கொடுத்தார். செடி வேலி அகலமாக இருக்கும் இல்லையா? காலில் கீறாமல் இருக்க முழங்காலை ஒரு மாதிரி மடக்கித் தாண்டுவார். பின்னாளில் ஒலிம்பிக்கில் ஓடும்போதும் அந்த மடக்கு போகவில்லை. வசதி இல்லாத இடத்தில் கற்றதும் வித்தைதான், பாருங்க.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வேலைக்கும் போனார். அத்திப்பழம் பெட்டி கட்டும் இடத்தில் கொஞ்ச நாள். பிறகு சாக்கு தைக்கும் இடத்தில், ஒரு சாக்குக்கு ஒரு சென்ட் கூலி. வாங்கும் கூலியில் கைச்செலவுக்கு ஒரு சின்னக் காசு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அம்மாவின் சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டுவிடுவார். நம்ம வீட்டில் அஞ்சறைப் பெட்டியில், அரிசிப் பானையில் போட்டு வைப்போமே, அதே கதைதான். ஊர் வேறாக இருந்தாலும் பெண்ணின் சேமிப்பு முதலில் அடுப்படியில்தான் ஆரம்பிக்கிறது.

1930-ல் டல்லஸ் நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. பேருக்கு அலுவலக வேலை. உண்மையில் அந்த நிறுவனத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் வேண்டியிருந்தது. சம்பளத்தில் பெரிய பங்கு வீட்டுக்குப் போனது. அடுத்த வருஷமே அந்த அணி நாட்டின் சாம்பியன் ஆனது.

1932 ஜூலையில் ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் தேசியப் போட்டி, சிகாகோ பக்கத்தில் நடந்தது. மற்ற சங்கங்களிலிருந்து அணி அணியாக வந்தார்கள். டல்லஸ் நிறுவனம் அனுப்பியது பேப் ஒருவரை மட்டும். ஒரே பிற்பகலில் எட்டுப் போட்டியில் இறங்கினார். ஐந்தில் தனியாக முதலிடம், ஒன்றில் இன்னொருவரோடு சேர்ந்து முதலிடம். புள்ளிக் கணக்கு பார்த்தால், ஒத்தை ஆளாகப் பேப் எடுத்தது 30. இரண்டாவது வந்த சங்கம் 22 பெண்களை வைத்து எடுத்தது 22. ஒரு ஆள், ஒரு அணியையே ஜெயித்துவிட்டார்!

பிறகு ஒலிம்பிக். அங்கே ஒரு பெண் மூன்று தனிப் போட்டிக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி. ஈட்டி எறிதலில் தங்கம். 80 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம். எட்டுத் தடை, ஒவ்வொன்றும் நம் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும் உயரம். அவருக்கும் இரண்டாவது வந்த எவலின் ஹாலுக்கும் ஒரே நேரம், 11.7 விநாடி, உலக சாதனை. நடுவர்கள் கூடிப் பேசித்தான் யார் முதல் என்று சொன்னார்கள். உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலி என்பவரும் இவரும் ஒரே உயரம் தாண்டினார்கள். உடம்புக்கு முன்னால் தலை கம்பியைத் தாண்டியது, அது அந்தக் கால விதிப்படி தப்பு என்று சொல்லி இவருக்கு வெள்ளி கொடுத்தார்கள். இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. வயசு 21.

இதுவரைக்கும் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? இவ்வளவு திறமை உள்ளவருக்கு யார் துணையும் வேண்டாம், சங்கமும் வேண்டாம் என்றுதானே? இனிமேல்தான் கதையே இருக்கிறது.

பதக்கம் வாங்கி ஊருக்கு வந்தார். பெரிய வரவேற்பு, மாலை, ஊர்வலம். ஆனால் பதக்கத்தை வைத்துச் சமைக்க முடியாது இல்லையா? அந்தக் காலத்தில் அமெச்சூர் விதி என்று ஒன்று இருந்தது. விளையாட்டால் ஒரு காசு சம்பாதித்தாலும் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். 1932 டிசம்பரில் ஒரு கார் விளம்பரத்தில் இவர் படம் வந்தது என்று விளையாட்டுச் சங்கம் தடை போட்டது. பிறகு அந்தத் தடையை எடுத்தார்கள். ஆனால் அதற்குள் பேப் முடிவு செய்துவிட்டார், தொழிலாகவே விளையாடுவது என்று. அமெரிக்காவில் வேலையே கிடைக்காத பஞ்ச காலம் அது. வீட்டுக்கு அனுப்பப் பணம் வேண்டும்.

என்ன வேலை கிடைத்தது தெரியுமா? நாடக மேடையில் ஓடும் பட்டை மேல் ஓடிக் காட்டுவது, மவுத் ஆர்கன் வாசிப்பது. தாடி வைத்த ஆண்களின் பேஸ்பால் அணியோடு ஊர் ஊராகப் போய்ப் பந்து வீசுவது. கூட்டம் கூடியது, காசும் வந்தது. ஆனால் இன்றைக்குக் கூட்டம் வந்தால் இன்றைக்குச் சாப்பாடு, நாளைக்கு என்னவென்று தெரியாது. பத்திரிகையில் சிலர் கேலியாக எழுதினார்கள். இது பெண்ணா ஆணா என்றார்கள், வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்றார்கள். இதெல்லாம் நம்ம காதுக்குப் பழக்கமான பேச்சுதான்.

அப்போது அவர் கோல்ஃப் விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். நமக்குத் தெரியாத விளையாட்டு, சுருக்கமாகச் சொல்றேன். பெரிய புல்வெளியில் 18 குழி இருக்கும். ஒரு சின்னப் பந்தை நீளமான மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் போடணும். யார் குறைந்த அடியில் முடிக்கிறார்களோ அவர்தான் வெற்றி. உள்ளங்கை கொப்பளித்து ரத்தம் வரும் வரை அடித்துப் பழகினார். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மறுபடியும் அடித்தார்.

1935-ல் டெக்சஸ் மாநிலப் பெண்கள் போட்டியில் ஜெயித்தார். உடனே, நீ காசு வாங்கியவள், அமெச்சூர் போட்டியில் சேரக் கூடாது என்று தடை வந்தது. பெண்களுக்கு இருந்த போட்டியெல்லாம் பெரும்பாலும் அமெச்சூர் போட்டிதான். காசுக்கு விளையாடும் பெண்களுக்குப் போட்டியே இல்லாத மாதிரி. கடை போட அனுமதி உண்டு, ஆனால் ஊரில் சந்தையே கிடையாது என்றால் எப்படி இருக்கும்? அந்த நிலைமை.

1938-ல் ஜார்ஜ் சகாரியாஸ் என்ற மல்யுத்த வீரரைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு கொஞ்ச வருஷம் விளையாட்டில் ஒரு காசும் வாங்காமல் இருந்து, 1943-ல் மறுபடி அமெச்சூர் உரிமை பெற்றார். 1946-ல் அமெரிக்கப் பட்டம். 1947-ல் ஸ்காட்லாந்துக்குப் போய் பிரிட்டிஷ் பெண்கள் பட்டம். அதை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். அந்த வருஷமே மறுபடி தொழில்முறைக்கு வந்தார். ஃபிரெட் கார்கரன் என்பவரை மேலாளராக வைத்துக்கொண்டார். வில்சன் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். பின்னால் கணவரும் இவரும் ஃபுளோரிடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தையே வாங்கி நடத்தினார்கள். சாக்கு தைத்த பிள்ளை தன் பேரையே ஒரு வியாபாரமாக்கிவிட்டது.

ஆனால் பேர் மட்டும் இருந்தால் போதாது. ஜெயிக்கப் போட்டி வேண்டும். போட்டி நடத்த எதிரில் விளையாட ஆள் வேண்டும், விதி வேண்டும், பரிசுப் பணம் போட ஒருவர் வேண்டும். 1944-ல் சில பெண்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பணமில்லாமல் தள்ளாடி, அது நின்றுபோனது. 1950-ல் மறுபடியும் ஆரம்பித்தார்கள். அதுதான் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கம், சுருக்கமாக எல்.பி.ஜி.ஏ. அதை ஆரம்பித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 13 பேர். நம்ம ஒரு குழு அளவுதான்! பேப் அதில் ஒருவர். பேட்டி பெர்க் முதல் தலைவி. மார்லீன் என்ற கடைக்குட்டிக்கு வயசு 16.

அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். சம்பளத்துக்கு ஆள் வைக்கப் பணம் இல்லை. அதனால் மைதானத்தில் கோடு போடுவது அவர்களேதான். விதி மீறல் வந்தால் விசாரிப்பது அவர்களேதான். கடிதம் எழுதுவது, கணக்கு எழுதுவது, ஜெயித்தவருக்குக் காசோலை எழுதுவது எல்லாம் அவர்களேதான். போட்டி முடிந்ததும் மட்டையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு வரிசையாக அடுத்த ஊருக்குப் போவார்கள். போன ஊரில் பேஸ்பால் மைதானத்துக்கு, குத்துச்சண்டை நடக்கும் இடத்துக்கெல்லாம் போய், “நாளைக்கு எங்க விளையாட்டுப் பார்க்க வாங்க” என்று கூப்பிடுவார்கள். பெண்களுக்கு உடை தைத்து விற்கும் ஒரு முதலாளி, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நாலு ஊரில் போட்டி நடத்தப் பணம் போட்டார். சும்மா தர்மத்துக்கு இல்லை. விளையாட்டைப் பார்க்க வரும் பெண்கள் அவர் துணியை வாங்குவார்கள் என்ற கணக்கு.

முதல் வருஷம் 14 போட்டி. மொத்தப் பரிசு 50 ஆயிரம் டாலர். அதில் ஏறக்குறைய 15 ஆயிரத்தைப் பேப் ஒருவரே ஜெயித்து எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் செயலாளர் அம்மாவின் கேள்வி வருகிறது. மற்ற 12 பேருக்கும் எப்படி இருந்திருக்கும்? முணுமுணுப்பு இருந்தது. மறைக்க வேண்டியதில்லை. பேப் அடக்கமான ஆள் இல்லை. உடை மாற்றும் அறைக்குள் வரும்போதே, “இன்னைக்கு ரெண்டாவது வரப்போறது யாரு?” என்று கேட்டுக்கொண்டே வருவாராம். லூயிஸ் சக்ஸ் என்ற இன்னொரு பெரிய வீராங்கனைக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. இரண்டு பேருக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் அதே சங்கத்தில் இருந்தார்கள். ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்க. கூட்டம் வந்தது பேப்பைப் பார்க்க. பேப் இல்லாவிட்டால் அந்த 50 ஆயிரத்தில் பாதியாவது வந்திருக்குமா என்பது சந்தேகம். அது மற்றவர்களுக்குத் தெரியும். பேப்புக்கும் ஒன்று தெரியும். எதிரில் லூயிஸ் சக்ஸ் மாதிரி ஆள் நின்றால்தான் ஜெயிப்பதற்கு மதிப்பு. தனியாக மேடையில் ஓடிக் காட்டிய காலத்தை அவர் பார்த்தவர். அப்போது கைதட்டல் இருந்தது, தொழில் இல்லை. இப்போது சங்கம் இருந்தது, தொழில் நின்றது. ஆக, திறமைசாலிக்குச் சங்கம் வேண்டும், சங்கத்துக்கும் திறமைசாலி வேண்டும். ஒருவரை ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கணும், கணக்கு நேராக இருக்கணும். பஞ்ச சூத்திரம் என்று நீங்கள் சொல்கிறீர்களே, கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் கட்டுவது, கணக்கு எழுதுவது, அதில் “எல்லாரும் நெருங்கிய தோழியா இருக்கணும்” என்று எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. அது நல்ல ஏற்பாடு.

இன்னும் ஒரு விஷயம் சொல்லணும், பெண்கள் நாம் வாய்விட்டுப் பேசாத விஷயம். 1953 ஏப்ரலில் பேப்புக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து, வயிற்றில் துளை போட்டு, மலம் அதன் வழியாக வெளியேறும்படி வைத்தார்கள். புற்றுநோய் என்ற வார்த்தையையே வீட்டில் சத்தமாகச் சொல்லாத காலம் அது. டாக்டர்கள்கூட நோய் பரவியிருப்பதைக் கணவரிடம்தான் சொன்னார்கள், அவரிடம் சொல்லவில்லை. ஆனால் பேப் தனக்கு என்ன நோய் என்பதை மறைக்கவில்லை. பத்திரிகைக்குச் சொன்னார், மேடையில் பேசினார், மற்ற நோயாளிகளைப் போய்ப் பார்த்தார், புற்றுநோய்க்காக ஒரு நிதியும் ஏற்படுத்தினார். மருத்துவமனை அறை மூலையில் கோல்ஃப் மட்டையைக் கண் பார்க்கும்படி வைத்திருந்தார். மூன்றரை மாதத்தில் மறுபடி மைதானத்துக்கு வந்தார். 1954-ல் அமெரிக்க ஓபன் என்ற பெரிய போட்டியில் 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒன்று இரண்டு அடியில் முடிவாகும் விளையாட்டில் 12 அடி!

இதை ஏன் சொல்றேன் என்றால், நம்மில் எத்தனை பேர் வயிற்று வலி, ரத்தப்போக்கு, மார்பில் கட்டி என்று வந்தால் வெளியே சொல்கிறோம்? தவணை தவறினால் கூட்டத்தில் கேட்கிறோம். ஒருத்தி இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை என்றால், உடம்புக்கு என்ன என்றும் கேளுங்க. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகத் தயங்கினால் இரண்டு பேர் கூடப் போங்க.

1955-ல் நோய் திரும்பி வந்தது. 1956 செப்டம்பர் 27-ம் தேதி பேப் இறந்துபோனார். வயசு 45.

அவரை நம்பிக் கூட்டம் வந்ததே, அந்தச் சங்கம் என்ன ஆனது? கலையவில்லை. 1959-ல் போட்டி 26 ஆனது, பரிசுத் தொகை 2 லட்சம் டாலர் ஆனது. இன்றைக்கு அதே சங்கத்தின் போட்டிகளில் ஒரு வருஷப் பரிசு பத்துக் கோடி டாலருக்கு மேல். உலகம் முழுவதிலுமிருந்து பெண்கள் வந்து அதில் விளையாடிப் பிழைக்கிறார்கள். அன்று 16 வயசுப் பிள்ளையாக இருந்த மார்லீன் 2023-ல் இறந்தார். ஆரம்பித்த 13 பேரும் இன்று இல்லை. சங்கம் இருக்கிறது.

பேப் 1932-ல் ஒத்தையாக நின்று ஒரு அணியையே ஜெயித்தது பெரிய சாதனைதான். ஆனால் அது ஒரு பிற்பகலோடு முடிந்தது. அவருடைய ஓட்ட நேரத்தை அப்புறம் வந்த எத்தனையோ பெண்கள் தாண்டிவிட்டார்கள். 13 பேர் சேர்ந்து செய்ததுதான் 70 வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

ஆகவே, “எனக்கு எதுக்குக் குழு?” என்று கேட்கும் தங்கச்சியைக் கோபித்துக்கொள்ளாதீங்க. அவள் திறமை உண்மை. அவளிடம் இப்படிக் கேளுங்க: “உன் கை ஓயும் நாளில் உன் தொழிலை யார் எடுத்து நடத்துவாங்க? உன் மகள் வந்தா எந்தக் கதவைத் தட்டுவா?” குழுவில் இருப்பவர்களும் அவள் வளர்ச்சியைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. அவள் பேரைச் சொல்லி ஒரு ஆர்டர் வந்தால் அதில் பத்துப் பேருக்குத் தையல் வேலை இருக்கிறது. அவளுக்கு மேடை கொடுங்க. அவளும் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து, புதுசாகச் சேர்ந்தவளுக்கு வெட்டவும் விலை பேசவும் சொல்லிக்கொடுக்கட்டும். இதைப் பேச்சோடு விடாமல் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

வேலி உயரமாக இருந்தால் வெட்டித் தரச் சொல்லிக் கேட்கவும் வெட்கப்படாதீங்க. வங்கியிலும் கேளுங்க, பஞ்சாயத்திலும் கேளுங்க. ஒருத்தி கேட்டால் கோரிக்கை, கூட்டமைப்பாகக் கேட்டால் அதற்கு ஒரு கனம் உண்டு.